பாகூர் ஏரியில் கருங்கழுகு?

பாகூர்க்காரன் | ஞாயிறு, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். இன்று காலை ஆறரை மணி வாக்கில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. கிழக்கே சம்புக்கோரைக்கு மேலே ஒரு பெரிய கருப்புப் பறவை வந்தது. அவசரமே இல்லை. சிறகை இரண்டு மூன்று தடவை அடிக்கும், அப்புறம் இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆங்கில வி எழுத்து மாதிரி மிதக்கும். கோரைக்கு மேலே ஓர் ஆள் உயரம்தான். நீரில் கிடந்த நாமக்கோழிகள் மொத்தமும் ஒரே மூலைக்கு ஒதுங்கிவிட்டன.

வீட்டுக்கு வந்து படங்களோடு வைத்துப் பார்த்தேன். பிளாக் ஈகிள் என்கிற கருங்கழுகுதான். உடம்பெல்லாம் கருப்பு, மெதுவான பறத்தல், தாழ்வாகப் பறப்பது, வி வடிவம், எல்லாமே பொருந்துகிறது. போனில் எடுத்த படத்தில் ஒரு கரும்புள்ளிதான் விழுந்திருக்கிறது, போட்டால் சிரிப்பீர்கள், அதனால் போடவில்லை. நம் பக்கத்தில் இதற்கு முன் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

முந்திரித்தோப்பு | ஞாயிறு, காலை 10.05

தம்பி, அந்தக் கழுகு பண்ருட்டிப் பக்கமும் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் ஏழு கோழிக்குஞ்சு போய்விட்டது. யார் தூக்குகிறார்கள் என்றே தெரியவில்லை. தாய்க்கோழி கத்துகிறதே என்று வெளியே ஓடி வருவதற்குள் வானம் காலியாக இருக்கிறது.

உப்பளம் | ஞாயிறு, காலை 10.20

ஏரியில் கருப்பாக இருந்தால் அது சாதாரணப் பருந்து. மீன் மார்க்கெட்டில் தினம் ஐம்பது பார்க்கிறேன். முடிந்தது விவாதம்.

பாகூர்க்காரன் | ஞாயிறு, காலை 10.31

மார்க்கெட் பருந்து எனக்குத் தெரியாதா அண்ணா? அதற்கு வால் நுனி கவையாகப் பிளந்திருக்கும். பறக்கும்போது அந்த வாலை ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டே இருக்கும். இதன் வால் நுனி பிளவில்லாமல் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

கெடிலக்கரை | ஞாயிறு, பகல் 12.15

தம்பி, உங்கள் வர்ணனை நன்றாக இருக்கிறது. கவை வாலைக் கவனித்ததும் சரியான பாதை. ஆனால் முடிவுக்குப் போகும் முன் சில கேள்விகள். சூரியன் உங்களுக்கு எதிரில் இருந்ததா, முதுகுக்குப் பின்னாலா? தலையைப் பார்த்தீர்களா? தலை உச்சி உடம்பின் நிறத்திலேயே இருந்ததா? காலும் அலகின் அடியும் மஞ்சளாகத் தெரிந்தனவா?

கருங்கழுகுக்கு உடம்பு கருப்பு, அலகின் அடியிலுள்ள தோலும் பாதங்களும் பளிச்சென்ற மஞ்சள். பக்கத்தில் பார்த்தால் வாலில் சாம்பல் பட்டைகள் தெரியும். நீளமான வால். சிறகின் அமைப்பு இன்னும் விசேஷம்: உடம்போடு சேரும் இடத்தில் ஒடுங்கி, வெளியே போகப் போக அகன்று, நுனியில் இறகுகள் விரல் விரலாகப் பிரிந்து மேல் நோக்கி வளைந்திருக்கும். இப்படிப்பட்ட நிழலுருவம் நம் நாட்டுக் கழுகுகளில் வேறு எதற்கும் இல்லை.

நாற்பது வருடமாகக் கடலூர், புதுச்சேரி ஏரிகளைச் சுற்றுகிறேன். இந்தப் பறவையைச் சமவெளியில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பாகூர்க்காரன் | ஞாயிறு, பகல் 12.48

சூரியன் எதிரில்தான் ஐயா. தலை நிறம் தெரியவில்லை, கருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அளவு? நாமக்கோழிக்கு இரண்டு பங்கு இருந்தது. நீங்கள் பார்க்கவில்லை என்பதால் வராது என்று சொல்ல முடியுமா? கோபமாகக் கேட்கவில்லை.

கெடிலக்கரை | ஞாயிறு, பகல் 1.10

நியாயமான கேள்வி. கோபப்பட்டாலும் பரவாயில்லை. எதிர் வெயிலில், பனிக்குள் காக்கைகூடக் கழுகுதான். வானத்தில் தனியாகப் பறப்பதன் அளவை நம்பி நானே பல தடவை ஏமாந்திருக்கிறேன்.

என் ஊகம் சேற்றுப் பூனைப்பருந்து. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருவது. பெண்ணும் இளம் பறவையும் அடர்ந்த சாக்லேட் நிறம். தலை உச்சியும் தொண்டையும் மட்டும் பாலாடை நிறத்தில் இருக்கும். எதிர் வெயிலில் அது தெரியாது. கோரைக்கு மேலே தாழ்வாக, சிறகை வி ஆகத் தூக்கிக்கொண்டு மிதப்பதுதான் அதன் தொழிலே. சிறகு விரிப்பு ஒன்றேகால் மீட்டர் வாக்கில். கருங்கழுகுக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாது, 1.8 மீட்டர் வரை போகும்.

வரும் ஞாயிறு வெயில் முதுகில் படும்படி மேற்குக் கரையை விட்டு வேறு பக்கம், அதாவது கிழக்குக் கரையில் நின்று பாருங்கள்.

வில்லியனூர் வாசகி | ஞாயிறு, மாலை 4.02

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கழுகு, பருந்து என்று மாற்றி மாற்றி எழுதுகிறீர்களே, எனக்குத் தலை சுற்றுகிறது. என் பாட்டிக்குக் கழுகு என்றால் பிணந்தின்னிக் கழுகு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குச் சாதம் சாப்பிட வந்ததாகச் சொல்வார்களே, அந்த இரண்டும் கழுகுதானே?

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 5.30

அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறு. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறந்ததைத் தின்பவை. 1990-களில் அவை வருவது நின்றுவிட்டது. பழைய தமிழில் பாறு, எருவை, எழால், பருந்து என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. பின்னால் பள்ளிப் புத்தகத்தில் ஈகிள் என்பதற்குக் கழுகு என்று போட்டோம், பேச்சில் வல்ச்சரும் கழுகாகவே நின்றுவிட்டது. அதனால் இப்போது பறவை பார்ப்பவர்கள் வல்ச்சருக்குப் பாறு என்றே எழுதுகிறோம்.

கருங்கழுகின் அறிவியல் பெயரிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். இக்டினேட்டஸ் என்ற பேரினப் பெயர் கிரேக்கச் சொற்கள் இரண்டின் சேர்க்கை. முன்பாதி பருந்து, பின்பாதி கழுகு. பெயர் வைத்தவருக்கே இரண்டில் எது என்று முடிவு செய்ய மனம் வரவில்லை போலிருக்கிறது! அந்தப் பேரினத்தில் இந்த ஓர் இனம்தான், கூடப்பிறந்தது யாரும் இல்லை.

உப்பளம் | ஞாயிறு, மாலை 5.41

இனப்பெயர் மலாயென்சிஸ் தானே? பெயரிலேயே மலை இருக்கிறது. பாகூரில் மலை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 5.50

அது மலாய் நாட்டைக் குறித்தது. 1822-இல் டெம்மிங்க் என்ற டச்சுக்காரர் விவரித்தது. ஆனாலும் உங்கள் பொருளும் பறவைக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

நெல்லிக்குப்பத்தான் | ஞாயிறு, இரவு 10.25

நம்ம ஊர் ஏரிப் பேச்சு என்று படித்துக்கொண்டே வந்தேன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம். வேலைக்காக ஆறு வருடமாக வால்பாறையில் இருக்கிறேன். இந்தப் பறவை எனக்கு அக்கம்பக்கத்து ஆள் மாதிரி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆழியாரிலிருந்து மேலே வரும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எல்லாரும் வரையாடு தேடுவார்கள். நான் தடுப்புச்சுவர் ஓரம் நின்று கீழே பார்ப்பேன். கழுகு என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம் இல்லையா? இதைக் குனிந்து பார்க்க வேண்டும். பள்ளத்தாக்குக் காட்டின் உச்சி இலைகளை வயிறு உரசுமோ என்கிற உயரத்தில் போகும். முதல் தடவை பார்த்தபோது அது காட்டின் நிழல் என்றே நினைத்தேன். நிழலுக்கு மஞ்சள் கால் இருக்காதே!

அதன் வேகத்தைச் சொல்ல வேண்டும். சைக்கிளில் மெதுவாகப் போகிறவர் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு போவாரே, அந்த மாதிரி. காரணம் அதன் உடம்புக் கணக்கில் இருக்கிறது. 70 முதல் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவை, எடை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ அளவுதான். அவ்வளவு லேசான உடம்புக்கு அவ்வளவு பெரிய சிறகும் வாலும். காற்றில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிற அளவுக்கு வேகத்தைக் குறைத்தாலும் விழாது. மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிற காற்று வேறு தாங்கிக்கொள்கிறது.

எதற்கு அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்? கூடு தேடத்தான். மற்ற கழுகுகள் ஓடுகிற முயலையும் பறக்கிற புறாவையும் துரத்தும். இது ஓடாத இரையைத் தேடுகிறது: முட்டை, கண் திறக்காத குஞ்சு. கிளைக்குள் மறைத்துவைத்த கூட்டை மேலிருந்து ஒவ்வொரு மரமாகத் துழாவிப் பார்க்கிறது. கண்டுபிடித்தால் சில சமயம் முட்டையை மட்டும் எடுப்பதில்லை, கூட்டையே அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விடும். அதற்கேற்ற கால்: உள்பக்க விரலும் நகமும் நீளம், வெளிவிரல் குட்டை. நகங்கள் மற்ற கழுகுகளுக்கு உள்ள மாதிரிக் கொக்கியாக வளையாமல் நிமிர்ந்திருக்கும். கொக்கி நகம் குத்திக் கொல்வதற்கு. இந்த நகம் அள்ளுவதற்கு. கூடு மட்டும் போதாது என்பதால் அணில், எலி, ஓணான் என்று கிடைத்ததையும் எடுக்கும்.

காடு இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது. பார்ப்பதற்கு முன்னால் காதில்தான் விழும். கொண்டைக்குருவிகள் திடீரென்று சலசலக்கும், மலை அணில் கிளையை விட்டு உள்ளே ஓடிப்போய்த் தட்தட்டென்று கத்தும். நாங்கள் கேமராவை எடுத்துத் தயாராகிவிடுவோம். இங்கே சத்தம் போடாமல் திருடுகிற ஆளுக்கு எங்கள் எஸ்டேட்டில் இந்தப் பறவையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்போது மார்கழி, தை மாதங்களில் வந்தால் இன்னொரு காட்சி கிடைக்கும். ஜோடி சேருகிற காலம். இவ்வளவு சோம்பேறியாகப் போகிற பறவை, உயரத்துக்குப் போய்ச் சிறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும். மரங்களுக்கு அருகில் வந்ததும் அப்படியே வளைந்து மறுபடி மேலே ஏறும். யூ எழுத்து எழுதியதுபோல் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது என் கையிலிருந்த சுண்டல் பொட்டலம் பள்ளத்தில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

கூட்டை நான் ஒரே ஒரு முறை, அதுவும் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். செங்குத்தான சரிவில் நிற்கிற உயரமான மரம், மூன்று நான்கு அடி அகலத்துக்குச் சுள்ளி மேடை. ஒன்று அல்லது இரண்டு முட்டை, வெள்ளையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும் என்பது படித்தது. வருடா வருடம் அதே மரத்துக்கு வருகிறது. அடுத்தவர் கூட்டைப் பெயர்க்கிற பறவை தன் கூட்டை யாரும் எட்ட முடியாத இடத்தில் வைத்திருப்பதைக் கவனியுங்கள்!

பாகூர்க்காரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்த மூன்று விஷயமும், மெதுவாக, தாழ்வாக, வி வடிவில் என்பது, கருங்கழுகுக்கு நிஜமாகவே பொருந்தும். நீங்கள் தப்பாகப் பார்க்கவில்லை. ஐயா சொன்ன பூனைப்பருந்தும் ஒளிந்திருப்பதைத் தேடுகிற பறவைதான், அதனால் அதே நடை. அது கோரைக்கு மேலே தேடுகிறது, இது மரத்துக்கு மேலே தேடுகிறது. கீழே என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பாகூர்க்காரன் | திங்கள், காலை 7.15

நேற்று இரவே படித்துவிட்டேன். பதில் எழுதக் கை வரவில்லை. ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மரக்கன்று | திங்கள், காலை 11.20

ஆரோவில் பக்கத்தில் மரம் நடுகிற வேலை செய்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம், ஓர் ஆசை என்றும் சொல்லலாம். 1968-இல் இங்கே செம்மண் பொட்டலும் ஓடையும்தான் இருந்தன. இன்று உள்ளே போனால் வெயில் தரையில் விழாத இடங்கள் இருக்கின்றன. வைரி இருக்கிறது, தேன்பருந்து வருகிறது. மரம்தான் வேண்டும் என்றால் இன்னும் இருபது வருடத்தில் கருங்கழுகு வரக்கூடாதா? புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறதே, அது எத்தனை நூறு வருடக் காடு?

நெல்லிக்குப்பத்தான் | திங்கள், பகல் 2.45

ஆசை நல்ல ஆசை. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. தென்னிந்தியாவில் ஆராய்ந்து பார்த்ததில், காட்டுப் போர்வை பாதிக்கும் குறைவாக உள்ள இடங்களில் இந்தப் பறவை இல்லை என்று தெரிந்திருக்கிறது. சில ஏக்கர் அடர்த்தி போதாது, கண்ணுக்கெட்டிய தூரம் பாதிக்கு மேல் மரமாக இருக்க வேண்டும். இங்கே வால்பாறையில்கூடத் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு இருக்கிறது. தேயிலை மேலே அது நேராகக் கடந்து போகும், காட்டுத்துண்டு வந்ததும் வேகத்தைக் குறைக்கும்.

கெடிலக்கரை | திங்கள், மாலை 6.10

மரக்கன்று, புத்துப்பட்டுக் காடு வேறு ஜாதி. வீரை, காயா, உலக்கைப்பாலை என்று குட்டையான, தடித்த இலை மரங்கள். என்றும் பசுமை, ஆனால் உயரம் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். நம் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது, பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் மிச்சம் இருக்கிறது. அய்யனாருக்குப் பயந்து விட்டுவைத்தது. அதன் அருமை கழுகு வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை.

கருங்கழுகு வேண்டுமென்றால் நமக்கு மேற்கே போக வேண்டியதுதான். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு, மேற்குத் தொடர்ச்சியில் நிறையவே உண்டு. இலங்கை, இமயமலை அடிவாரம், அங்கிருந்து தைவான் வரைக்கும் பரவியிருக்கிறது.

உப்பளம் | திங்கள், மாலை 6.30

ஒரு குஞ்சை எடுத்து வந்து வளர்த்தால் பழகுமா? சும்மா கேட்கிறேன்.

நெல்லிக்குப்பத்தான் | திங்கள், மாலை 6.34

பழகுமோ இல்லையோ, நீங்கள் ஜெயிலுக்குப் பழக வேண்டியிருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தப் பறவைக்குப் பாதுகாப்பு உண்டு.

முந்திரித்தோப்பு | செவ்வாய், காலை 8.00

என் கோழியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். இந்தக் கருங்கழுகு இல்லை என்பது மட்டும் புரிந்தது. அப்புறம் யார்?

2011 டிசம்பரில் தானே புயல் அடிக்கும் முன்பு எங்கள் கொல்லையில் பெரிய இலுப்பை மரம் ஒன்று இருந்தது. அதில் கருடன் கூடு கட்டும். என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார், திருவந்திபுரம் பெருமாளே வந்தார் என்பார். அது ஒரு நாளும் குஞ்சைத் தொட்டதில்லை. புயலில் முந்திரி, பலாவோடு இலுப்பையும் போய்விட்டது. கருடனும் வருவதில்லை.

கெடிலக்கரை | செவ்வாய், காலை 9.25

மறக்கவில்லை அம்மா. கருடன் என்கிற செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு. அதிகமும் மீன், நண்டு, செத்தது. குஞ்சு தூக்கவே தூக்காது என்று உங்கள் மாமியாருக்கு உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் வேறு இரண்டின் மேல். ஒன்று வைரி: புறா அளவுதான், மரத்துக்குள்ளிருந்து பாய்ந்து அடித்துவிட்டு மரத்துக்குள்ளேயே போய்விடும். வானம் காலியாக இருக்கிறது என்றீர்களே, அதனால் சொல்கிறேன். இன்னொன்று நம் கவைவால் பருந்து. மேலே வட்டம் போட்டுச் சட்டென்று இறங்கும். அடுத்த தடவை வாலைப் பாருங்கள். இப்போதைக்குக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

பாகூர்க்காரன் | ஞாயிறு, காலை 8.50

இப்போதுதான் ஏரியிலிருந்து வந்தேன். ஐந்தே முக்காலுக்கே கிழக்குக் கரையில் போய் நின்றேன். ஏழு மணி வரை ஒன்றும் இல்லை. பனி கலைந்த பிறகு கோரைக்கு நடுவிலிருந்து எழும்பியது. அதே மிதப்பு, அதே வி. வெயில் என் முதுகில். நேராக என்னைப் பார்த்து வந்து, ஐம்பதடி தூரத்தில் சாய்ந்து திரும்பியது.

தலை உச்சி முழுக்கப் பாலாடை நிறம். தொண்டையிலும் அதே நிறம். உடம்பு கருப்பே இல்லை ஐயா, நீங்கள் சொன்ன சாக்லேட்தான். போன வாரம் நான் கருப்பு என்று எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக மனதில் கருங்கழுகை வளர்த்துவிட்டேன் இல்லையா? ஆனால் அது காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கோரைக்குள் இறங்கி எதையோ பிடிக்கப் பார்த்து, கிடைக்காமல் எழும்பியதை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நெல்லிக்குப்பத்து அண்ணா சொன்ன வீட்டு எண் தேடுகிற சைக்கிள், அப்படியே இருந்தது.

கெடிலக்கரை | ஞாயிறு, காலை 9.15

ஐந்தே முக்காலுக்கு மார்கழிப் பனியில் போய் நின்றதற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். கடலூர் வந்தால் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பத்தான் | ஞாயிறு, காலை 9.40

பொங்கல் லீவில் இங்கே வாருங்கள் தம்பி. ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அட்டை தொல்லை இந்த மாதம் குறைவு. ஸ்வெட்டர் மட்டும் மறக்க வேண்டாம். ஒன்பதாவது வளைவில் குனிந்து பார்க்கலாம்.

பாகூர்க்காரன் | ஞாயிறு, காலை 9.52

டிக்கெட் பார்க்கிறேன் அண்ணா. இந்த இழையின் தலைப்பை மாற்றலாம் என்று நினைத்தேன், அப்புறம் பின்னால் வருகிறவர்கள் எனக்கு நேர்ந்ததைப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்திருக்கிறேன்.

முந்திரித்தோப்பு | ஞாயிறு, பகல் 1.30

இன்று இன்னொரு குஞ்சு போச்சு. ஆனால் இந்தத் தடவை பார்த்துவிட்டேன். வால் கவைதான்.